மலையை விலாசமாகச் சொன்ன அம்சவள்ளி

அம்சவள்ளிக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. சென்னை மேடவாக்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் என்றால், "ஓ, டோல்கேட்டா?" என்பார்கள். ஒரு மனுஷி எத்தனை நாள்தான் டோல்கேட்டைத் தன் ஊராகக் கேட்டுக்கொண்டிருப்பாள்? அதனால் "கல்வராயன் மலைப் பக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் அந்தப் "பக்கம்" உதிர்ந்துவிட்டது. "எங்க ஊரு கல்வராயன் மலை" என்றே ஆகிப்போனது.

இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் ராதிகா, திருக்கோவிலூர்க்காரி. அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவள் நான்தான். ஒரே குடியிருப்பில் அவள் கீழ்வீடு, நான் இரண்டாவது மாடி. எனக்கு ஒரு மகன், அவளுக்கு ஒரு மகள். எனக்கு அவளைவிட ஆறு வயது கூடுதல். புத்தி கூடுதலா என்று கேட்காதீர்கள்.

அம்சா கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. கணவன் அன்புச்செல்வன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். மகள் தேவதர்ஷினி பிறந்தாள். ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு டி.வி., அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்கு உலகம். மூன்று வயதாகியும் "அம்மா"வைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஊரிலிருந்து ஃபோன் செய்தவர்கள் ஆளுக்கொரு கோயில் பேர் சொன்னார்கள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா மட்டும், "புள்ளைய நாலு புள்ளைங்க நடுவுல வுடும்மா. பார்க்குக்கு கூட்டிட்டுப் போ" என்றார்.

அன்றிலிருந்து மழையோ வெயிலோ, சாயங்காலம் ஆனால் அம்சா பார்க்கில் இருப்பாள். ஐந்தாவது மாதம், சறுக்குமரத்து வரிசையில் ஒரு பையன் குறுக்கே புகுந்தான். தேவதர்ஷினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏய், நான்தான் மொதல்ல!" என்று கத்தினாள். முதன்முதலில் முழுசாகப் பேசியதே சண்டை. அம்சா அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். பையனின் அம்மா தன் மகன் அடித்துவிட்டானோ என்று பயந்து ஓடிவந்தாள். அந்த அம்மா நான்தான். ஒரே குடியிருப்பில் இருந்தும் அதுவரை முகம் பார்த்ததோடு சரி, எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

பிறகு அம்சா மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்துக் கடைக்கு வராத பெற்றோர் உண்டா? இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாரிடமும் சேதி கேட்டுவிடுவாள். எந்த நூலகத்தில் சனிக்கிழமை கதை சொல்கிறார்கள், எந்தப் பார்க்கில் ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், கோடை நீச்சலுக்கு எப்போது பேர் கொடுக்க வேண்டும், பள்ளிக்கரணை ஏரிக்குப் பறவைகள் வந்துவிட்டனவா, எல்லாம் அவள் விரல் நுனியில். கேட்டதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் சுபாவமும் கிடையாது. ஃபோனில் ஒரு குழு ஆரம்பித்தாள். தட்டச்சு அவளுக்கு வராது, பொறுமையும் இல்லை. குரலிலேயே அனுப்புவாள்.

"நாளைக்கு காலைல ஆறு மணிக்கு பீச்சு. தொப்பி எடுத்துக்கினு வாங்க. வெயில் ஏற்றதுக்குள்ள வூடு திரும்பிடலாம். அப்பாமாருங்க வரலன்னா புள்ளைங்கள அனுப்பாதீங்க. நான் இன்னா பால்வாடியா நடத்தறேன்?"

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே எங்கள் குடியிருப்பின் ஆண்கள் அவளுக்குப் பயந்தார்கள். ஞாயிறு காலை லுங்கியில் சோம்பிக் கிடந்தவர்களெல்லாம் சிறுவர் பூங்கா வாசலில் வாட்டர் பாட்டிலோடு வரிசையில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடி சிவசங்கர் இருக்கிறாரே, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், தன் மகனுக்குப் பட்டம் விடத் தெரியும் என்பதையே கடற்கரையில்தான் தெரிந்துகொண்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. அருவிதான் வம்பு.

தேவதர்ஷினி சோறு தின்ன அடம்பிடிக்கும் பிள்ளை. அவளை வாய் திறக்க வைக்க அம்சா கண்டுபிடித்த வழி கல்வராயன் மலை அருவி. "அம்மா சின்னப் புள்ளையா இருக்கச்சே அந்த அருவிலதான் குளிப்பேன். வருஷம் பூரா கொட்டும். சத்தத்துல பக்கத்துல பேசறதே காதுல வுழாது" என்பாள். ஒரு வாய் சோறு உள்ளே போகும். அடுத்த வாய்க்கு ஒரு குரங்கு வரும். இப்படியே ஐந்து வருஷம் அருவியை ஊட்டியே பிள்ளையை வளர்த்தாள்.

எட்டு வயதில் தேவதர்ஷினி இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள், குடியிருப்பில் சொன்னாள், குழுவிலும் அம்மாவின் ஃபோனை எடுத்துச் சொல்லிவிட்டாள். "லீவுல எல்லாரும் எங்க அம்மா அருவிக்கு வாங்க." ஏழு குடும்பங்கள் சரி என்றன. அன்புச்செல்வன் வேனுக்கு ஏற்பாடு செய்தான். மே முதல் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அம்சா என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ராதிகாக்கா, ஒரு விசயம். நான் அந்த மலைக்கு போனதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க வூட்டு மாடில நின்னா தெரியும்னு சொன்னியே?"

"தெரியும். மழை பெஞ்சி வானம் தெளிஞ்சா மேக்கால நீலமா ஒரு கோடு தெரியும். அவ்ளோதான். நீங்க போயிருப்பீங்கதானே?"

"நீ போயிருப்பன்னு நெனச்சிக்கினு நான் தைரியமா இருந்தேன்."

அன்புச்செல்வன் கள்ளக்குறிச்சி டவுனிலேயே பிறந்தவன். அவனைக் கேட்டோம். மலையடிவாரம் வரை மஞ்சள் மூட்டை ஏற்றப் போயிருக்கிறானாம். மேலே போனதில்லை. "தோ இருக்குற மலைதானே, எப்ப வேணா போய்க்கலாம்னு வுட்டுட்டேன்" என்றான். எங்கள் பக்கத்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். திருப்பதிக்கு நடந்து போவோம், ஊட்டிக்குக் கூட்டமாகப் போவோம். கண்ணுக்கு எதிரே இருக்கும் மலைக்கு மட்டும் போக மாட்டோம்.

"புள்ளைகிட்ட சொல்லிடு" என்றேன்.

"முடியாதுக்கா. மூணு வருசம் பேசாம இருந்த புள்ள. இப்ப நான் சொல்றதெல்லாம் வேதம்னு நம்புது. அம்மா பொய்யின்னு தெரிஞ்சா இன்னா ஆவும்?"

ரொம்ப யோசிக்காமல் நான் ஒரு யோசனை சொன்னேன். மலைக்குப் போனால் அருவி இருக்கத்தான் போகிறது. அதைப் பார்த்ததும் "இதேதான்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவளும் ஒப்புக்கொண்டாள்.

அதிகாலையில் கிளம்பி, கள்ளக்குறிச்சியில் இட்லி சாப்பிட்டு, மலையேறும்போது மணி பதினொன்று. வளைவுக்கு வளைவு பிள்ளைகள் ஜன்னலில் கத்தினார்கள். இருவர் வாந்தி எடுத்தார்கள். கரியாலூர் தாண்டி வேனை நிறுத்தி, வழி கேட்டு நடந்தோம். சிவசங்கர் கழுத்தில் துண்டு, கையில் சோப்பு. தேவதர்ஷினி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

அங்கே பாறை இருந்தது. உயரமான, கருத்த, காய்ந்த பாறை. நடுவில் தண்ணீர் வடிந்த வெள்ளைத் தடம். அடியில் ஒரு குட்டையில் கொஞ்சம் பாசித் தண்ணீர், அதில் இரண்டு ஆடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. மே மாதத்தில் அருவி தேடி வந்த இருபத்துநான்கு பேரை அவை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தன.

"அம்மா, தண்ணி எங்க?" என்றாள் தேவதர்ஷினி.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த வருஷம் மழை கம்மி இல்ல? அதான்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சிவசங்கர் கூட "ஆமாங்க, எங்கயும் மழையே இல்ல" என்று நம்பிவிட்டார். அம்சா தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும். முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் மறைந்திருக்கும்.

அவள் ஆட்டவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா இங்க வந்ததே இல்லடா. அம்மா சொன்னதெல்லாம் பொய்யி. நான் குளிச்சதும் இல்ல, பாத்ததும் இல்ல. நீ சாப்புடணுமேன்னு சொன்னேன். அப்புறம் சொல்லிச் சொல்லி பழக்கமாயிடுச்சி." எழுந்து எங்களைப் பார்த்தாள். "உங்க எல்லாரையும் அலைய வுட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

தேவதர்ஷினி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வேனை நோக்கி நடந்தாள். அம்சா கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை. அந்தப் பிள்ளையால் எவ்வளவு நாள் பேசாமலிருக்க முடியும் என்பது எனக்கும் அம்சாவுக்கும்தான் தெரியும்.

திரும்பும் வழியில், ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் புளி மலையாகக் குவிந்து கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் புளியின் ஓட்டைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கேட்டு நிறுத்தினோம். அந்தப் பெண்ணின் பெயர் ஆயம்மாள், நாற்பது வயது இருக்கும். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தாள். அம்சா நடந்ததைச் சொன்னாள்.

"அருவி பாக்க மே மாசத்துல வந்தீங்களா?" ஆயம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னா ஊரும்மா உனுக்கு?"

"எலவனாசூர்கோட்டை."

"அதானே பாத்தேன். மெட்ராஸ்காரங்க ஃபோன் போட்டு தண்ணி கீதான்னு கேட்டுக்கினு வராங்க. மலைக்குக் கீழ கீற நீங்கதான், 'எங்க மலை எங்களுக்குத் தெரியாதா'ன்னு யாரையும் கேக்காமலே வந்து நிக்கறீங்க. மழை பெஞ்சி ஐப்பசி, கார்த்தியில வாங்க, கொட்டும்."

அவள் புருஷன் பெரியண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து வைத்தார். பழத்தைச் சும்மா தின்ன ஆயம்மாள் விடவில்லை. "வேல கெடக்கிற வூட்டுல கைய கட்டிக்கினு குந்தக்கூடாது" என்று ஆளுக்கொரு கட்டையைக் கொடுத்தாள். அப்பாமார்கள் ஓடு தட்ட, நாங்கள் நாரும் கொட்டையும் எடுக்க, பிள்ளைகள் எடுத்ததில் பாதியை வாயில் போட்டுப் பல் கூசி முகம் சுளித்தார்கள். சிவசங்கர் கட்டை விரலில் ஒரு போடு போட்டுக்கொண்டார். அவர் மகன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் கூடச் சிரித்தார். கோபப்பட இருந்தவர்களுக்கு அதற்கு நேரமில்லாமல் போனது. கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உண்மையாகச் சொல்கிறேன், நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமைகளில் எதிலும் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அம்சா மட்டும் தலை குனிந்து புளியை நோண்டிக்கொண்டிருந்தாள். தேவதர்ஷினி வேனிலிருந்து இறங்கவே இல்லை. அன்புச்செல்வன் போய்க் கெஞ்சினான், நடக்கவில்லை. நான் பலாச்சுளை கொண்டு போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் ஆயம்மாளின் மகள் தமிழ்ப்ரியா, இவள் வயசுதான், வேன் கதவருகே போய் நின்று, "ஏய், வரியா?" என்று மட்டும் கேட்டாள். எங்கே, எதற்கு என்று கேட்காமல் தேவதர்ஷினி இறங்கி அவளோடு வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். அம்சா நாலு தடவை எழுந்து எழுந்து பார்த்தாள். "இங்க எங்க போயிடும், குந்து" என்று ஆயம்மாள் அதட்டினாள்.

பிறகு ஓடி வந்தாள் தேவதர்ஷினி. பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது, காலெல்லாம் சேறு. நேராக அம்மாவிடம் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"அம்மா, பின்னால சாமை காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடை கீது. தண்ணி ஓடுது. கால வெச்சா சில்லுனு இருக்கு. நண்டு கூட பாத்தேன்."

"அம்மா மேல கோவமாடா?" என்று மட்டும் அம்சா கேட்டாள்.

தேவதர்ஷினி கொஞ்சம் யோசித்தாள். "கோவந்தான்" என்றாள். பிறகு புளி ஒட்டிய அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீதான் பாத்ததே இல்லல்ல? வா, நான் காட்டறேன்."