ஒரே மகன்

கள்ளக்குறிச்சியில் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லை. மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இரண்டு நாள்கூட உடலை வைத்திருப்பார்கள். எனக்காக அப்பாவை ஒரு நாள் வைக்கவில்லை. காலையில் போனவரை மாலைக்குள் எரித்துவிட்டுத்தான் அண்ணன் போன் செய்தான்.

இனி அவசரம் எதற்கு என்று கிளம்பியதில், கனடாவிலிருந்து வந்து சேர ஐந்து நாளாயிற்று. விமானத்தில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன், தூங்கினேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது நின்று நிதானமாகக் காபி குடித்தேன். துக்கம் என்று ஒன்றும் வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது, அதுவும் மரத்துப்போன காலைக் கிள்ளினாற்போல.

இத்தனைக்கும் என்னை எழுத்தாளன் ஆக்கியதே ஒரு சாவுதான். ஆங்கிலத்தில் எழுதிய என் முதல் நாவலில் ஒரு விவசாயி இறந்துபோகிறார். ஒரே மகன் கொட்டும் மழையில் குடம் உடைத்துக் கொள்ளி வைக்கிறான். விருது வாங்கித் தந்த அத்தியாயம். எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். எந்த வரியில் குரல் உடைய வேண்டும் என்பது என் தொண்டைக்கே மனப்பாடம். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள், நான் தண்ணீர் குடிப்பேன்.

அந்த விவசாயி அப்பாதான், காதோர மரு உட்பட. நான் எழுதும்போது அவர் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அண்ணன் கதைக்கு இடைஞ்சலாக இருந்தான், எடுத்துவிட்டேன். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். கனடாவில் யார் கேட்கப்போகிறார்கள்?

கருமாதி அன்று காலை அண்ணி டீ கொண்டுவந்தார். அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் அண்ணி, ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதா?"

அண்ணி சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

"உங்க புஸ்தகம் தமிழ்ல வந்துச்சே தம்பி, மாமாவுக்குக் கண்ணு சரியா தெரியலன்னு நான்தான் படிச்சிக் காட்னேன். அவரு சாவுற எடத்தக் கண்ண மூடிக்கினு கேட்டாரு. கோவப்படல. 'பெரியவன் எங்கம்மா?'ன்னாரு. இதுல அவரு இல்ல மாமான்னேன். திருப்பிப் பாரும்மான்னாரு. மொதல்ல இருந்து பாத்தேன். இல்ல."

டீ டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"அப்பறம் உங்க அண்ணனக் கூப்ட்டாரு. 'சின்னவன் எனக்குக் கொள்ளி வெச்சி முடிச்சிட்டான்டா. நான் போனா அவனுக்காகப் போட்டு வெக்காத. இது உன்னுது, நீ செய்யி'ன்னாரு."

டீயைக் குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

மோட்டார் கொட்டகையோரம் அண்ணன் முதலில் மொட்டை போட்டுக்கொண்டான். மேற்கே கல்வராயன் மலை தெளிவாகத் தெரிந்தது. அடுத்து நான் உட்கார்ந்தேன். கத்தி ஓடும்போது, அழு, இப்போதாவது அழு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. எனக்குத் தெரிந்த அழுகையெல்லாம் அந்த அத்தியாயத்தோடு போயிருந்தது.

அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றி, காதோரம் ஒட்டியிருந்த முடியை விரலால் வழித்துவிட்டான்.

"குனி," என்றான். "கழுத்தாண்ட இன்னும் இருக்குது."