சுவரில் விட்ட ஆறு ஓட்டைகள்

உத்தமபாளையத்தில் ஊர் முடிகிற இடத்தில் அப்பா வாங்கிப் போட்டிருந்த நிலத்தை எனக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுத்தபோது, மூத்தவள் என்ற உரிமையில் நான்தான் முதலில் கை காட்டினேன். மேட்டு மனை எனக்கு, பள்ளம் அவளுக்கு. தண்ணீர் தேங்காது, காற்று வரும், மலையைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். நான் கணக்கு டீச்சர். வீடு கட்டிக் குடி வந்த பிறகு பெய்த முதல் மழையிலேயே கணக்கு தப்பிவிட்டது. என் மேல்மண் கரைந்து, கம்பிவேலிக்கு அடியில் இறங்கி, அவள் மனையில் போய்ப் படிந்தது. நான் எரு போட்ட செடிகள் வேர் தெரிய நின்றன. அவள், வந்து இறங்கிய மண்ணில் ஒரு முல்லைக் குச்சியை ஊன்றினாள். மூன்று வருடத்தில் அது ஆள் உயரப் புதராகிவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை.

மண் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகளும் அதே வழியில் இறங்கினாள். பிளஸ் டூ படிக்கிறவள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடுவாள். அங்கே முல்லைப் புதரடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மொட்டுப் பறிப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். என்ன பேச்சு என்று மேலிருந்து எவ்வளவு காது கொடுத்தாலும் கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். காலையில் ரெட்டைச் சடை போட்டுவிடுவது நான். அதில் பூ வைத்துவிடுவது அவள். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கி வந்த மல்லிகைச் சரம் ஃபிரிட்ஜிலேயே கிடந்து பழுத்துப்போகும்.

தங்கைக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். தன் வீட்டுத் துவைகல் மேடையைக்கூட அவளே கல் அடுக்கி, சிமெண்ட் பூசிக் கட்டினாள். அதைப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுக்காரரே மெச்சினார். அன்றைக்கு முடிவு செய்தேன். என் மனையின் விளிம்பில் ஒரு தடுப்புச் சுவர், அதற்குள் பூப்பாத்தி. கொத்தனார் கிடையாது. நானே கட்டுவேன். பாத்தி நிறையப் பூ பூத்தால் என் மகள் எதற்கு இறங்கப் போகிறாள்?

"கொத்தனார விட்டா ரெண்டு நாள்ல முடிச்சிருவாக. உனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ கட்டுனா அதிசயம், நான் கட்டுனா வேலையா?" என்றேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோடை விடுமுறை முழுக்க அந்தச் சுவர்தான். கருங்கல் இறக்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பதினைந்து அடி நீளத்துக்கு அஸ்திவார வானம் தோண்டினேன். கயிறு கட்டி, பெரிய கல்லை அடியில் வைத்து, இடைவெளியில் சின்னச் சில்லுகளைச் செருகி, கலவை போட்டு ஏற்றினேன். விரலில் இரண்டு நகம் கறுத்து விழுந்தது. எதிர் வீட்டில் வேலை பார்த்த கொத்தனார் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது சொன்னார்:

"டீச்சர், தண்ணிக்கு வழி விடாமக் கட்டாதீக. மண்ணு தண்ணியக் குடிச்சு வீங்குச்சுன்னா எந்தச் செவரும் நிக்காது. அங்கன அங்கன துண்டுக் குழாய் வச்சு ஓட்ட விட்டுருங்க."

ஆறு இடத்தில் குழாய் வைத்தேன். இடுப்பு உயரத்தில் சுவர் முடிந்தது. உள்ளே கண்மாய் வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பி, கனகாம்பரமும் செவ்வந்தியும் வைத்தேன். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தங்கையும் கீழே நின்று பார்த்துவிட்டு, "நெசமாவே நல்லா இருக்குக்கா" என்றாள். அப்படி மனசாரச் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒருநாள் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால், ஆறு குழாயிலும் டீத்தண்ணி நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நேர் கீழே அவளுடைய முல்லை. அந்த வருடம் அது பூத்த மாதிரி அதற்கு முன்னால் பூத்ததே இல்லை. இலை தெரியாமல் மொட்டு. நான் போட்ட எரு, நான் சுமந்த தண்ணீர், அவளுக்குப் பூ! என் கனகாம்பரம் ஏதோ கடனுக்குப் பூத்தது. மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் மார்க்கையன்கோட்டைப் பக்கம் நெல் போட்ட குடும்பம். வயலுக்குப் போனால் முதல் வேலை வரப்பைச் சுற்றி வருவதுதான். நண்டு வளை போட்டு, நம் தண்ணீர் கீழ்வயலுக்கு ஒழுகினால், சேற்றை அள்ளி வைத்து மிதித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஓட்டையில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தால் எங்கள் கை சும்மா இருக்காது. கொத்தனார் சொன்னது மறந்துபோய்விடவில்லை, ஞாபகம் இருந்தது. ஆனால் வயிற்றெரிச்சலும் வயல் புத்தியும் சேர்ந்துகொண்டால் கொத்தனார் என்ன செய்வார்?

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கம்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு சட்டியில் சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி அவள் மனைக்குள் போனேன். முல்லைப் புதரை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஆறு ஓட்டையையும் அடைத்தேன். வரப்பை அடைப்பது மாதிரி கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் தங்கை கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, செவரு இந்தப் பக்கம் தொந்தி போட்டாப்புல இருக்கு. அந்தக் கொத்தனார வரச் சொல்லி ஒரு பார்வ பாக்கச் சொல்லேன்."

"என் செவருக்கு ஒண்ணும் ஆகாது. நீ உன் துவைகல்லப் பாரு," என்றேன். அவளுக்குப் பொறாமை என்றே நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். மழை சற்று விட்டிருந்தது. மகள் வழக்கம்போல் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அடுப்படியில் தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். லாரியில் இருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரின் நடுப்பகுதி இல்லை. என் பாத்தி மொத்தமாகக் கீழே சரிந்து, முல்லைப் புதர் இருந்த இடத்தில் கல்லும் சேறுமாகக் குவிந்து கிடந்தது. அவர்கள் தினமும் உட்கார்ந்து மொட்டுப் பறிக்கிற இடம். அதே நேரம்.

தெருவைச் சுற்றிப் போக எனக்குத் தோன்றவில்லை. இடிந்த வழியாகவே சறுக்கி விழுந்து இறங்கினேன். மகளின் பெயரைக் கத்தினேனா, வெறும் சத்தமா என்று தெரியாது. கையால் கல்லைப் புரட்டினேன். நாலாவது கல்லோ ஐந்தாவது கல்லோ, பின்னாலிருந்து, "அம்மா, என்னம்மா பண்ற?" என்று கேட்டது. திரும்பினேன். தங்கை வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் வேர்க்கடலைத் தட்டு.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சித்திதான் மழ ஆரம்பிச்சதுல இருந்து செடிப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாக," என்றாள் மகள். தங்கை ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். விரலெல்லாம் ரத்தம். என் காலடியில் சிமெண்ட் அடைத்த குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. என் கட்டைவிரல் பதிந்த தடம் அதில் அப்படியே இருந்தது.

மகளைத் தண்ணீர் கொண்டு வர உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னேன்: "ஓட்டைய நான்தான் அடச்சேன்."

"தெரியும்க்கா. கம்பத்துல இருந்து வந்த மறுநாளே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டி கேக்கல?"

முந்தானையால் என் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேரும் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர், விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார்.

"கேட்டா நீ சண்டைக்கு வருவ. சண்ட வந்தா புள்ளைய இங்கன விடமாட்ட," என்றாள். "ரெண்டும் பயலாப் பெத்தவளுக்குப் பூ வச்சுவிட ஒரு தல வேணாமாக்கா?"

என் மகள் தலையை அவள் பிடுங்கிக்கொண்டாள் என்று நான் எரிந்துகொண்டிருந்தேன். நான் எப்போது பிடுங்கிக்கொள்வேனோ என்று அவள் பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த வாரமே மண்ணை அள்ளினோம். அடியில் முல்லை முறிந்து, இரண்டு கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. நான் ஆசைப்பட்டபடி இப்போது தங்கை வீட்டில் பூ இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நல்ல மல்லிகையாகப் பார்த்து வாங்கி வந்து, மகளின் சடையில் வைக்கப் போனேன். அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

"வேணாம்மா. சித்தி செடி துளிர்க்கட்டும்."

அவளிடம் நாங்கள் இரண்டு பேருமே ஓட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே, அவள் தலையை விலக்கிக்கொண்டது எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

சுவரைத் திரும்பக் கட்டினேன். இந்த முறை கொத்தனாரைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கட்டினேன். பத்து ஓட்டை. பாத்தியில் மறுபடி கனகாம்பரம் வைத்தேன். நடுவில், இடிந்த இடத்தில் சுவர் எழுப்பாமல் நாலு படி வைத்தேன். தெருவைச் சுற்ற வேண்டியதில்லை, நேராக இறங்கலாம். ஒவ்வொரு சாயங்காலமும் மகள் அதில் தடதடவென்று இறங்கும்போது இன்னும் எனக்கு எரியத்தான் செய்கிறது. படியை நானே கட்டியிருக்கிறேன், என்ன செய்ய?

மாசி கடைசியில் முல்லை மறுபடி பூத்தது. சரம் கட்டுகிற அளவுக்கு மொட்டு சேரவில்லை. தங்கை என் பாத்தியில் கேட்காமலேயே கனகாம்பரம் பறித்துக்கொண்டு போய், இரண்டையும் சேர்த்துக் கட்டி, என் மகள் தலையில் வைத்து அனுப்பியிருந்தாள். படியேறி வந்தவள், "எப்படிம்மா இருக்கு?" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லா இருக்கு," என்றேன். சொல்லும்போதே கண் எண்ணிக்கொண்டிருந்தது. என் பூ இரண்டுக்கு அவள் பூ மூன்று.