புகழ் ஆய்விதழில் எனக்குக் கிடைத்த மூன்று பக்கம்

புகழைப் பற்றி ஆய்விதழ் நடத்துகிறவருக்கு முதல் தகுதி, அவரை யாருக்கும் தெரியாமல் இருப்பது. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன், குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். ஒருவர் எப்படிப் பிரபலமாகிறார், மற்றவர்கள் ஏன் அவர் பின்னால் ஓடுகிறார்கள் என்று ஆராயும் அரையாண்டு இதழுக்கு, அது தொடங்கிய நாள் முதல் நான்தான் ஆசிரியர். நீங்களும் சிற்றிதழோ சங்க மலரோ நடத்தி, அதை அடுத்தவர் கையில் திணித்துவிட்டு, பிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தவர் என்றால் மேலே படியுங்கள். நீங்கள் நம்மவர்.

அட்டை

இதழை அச்சடிப்பது உறையூரில் ஓர் அச்சகம். அதன் உரிமையாளர் ஒவ்வொரு முறையும் அட்டையைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விடுவார். சாம்பல் நிறம், கறுப்பு எழுத்து, கீழே கட்டுரைத் தலைப்புகள். ஆய்விதழ் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை, அந்த வழக்கம் தோன்றிய வரலாற்றோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டீகூட வரவழைத்தார். பிறகு சொன்னார்:

“புகழ்னு பேரு வச்சிருக்கீங்க, அட்டையில தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்லையே சார். உங்க மூஞ்சியப் போடச் சொல்லல. தெரிஞ்ச மூஞ்சியச் சொல்றேன்.”

குடை

செல்வமணி என் துறையில் இளைய பேராசிரியை, இதழின் இணையாசிரியர். திருவெறும்பூர்க்காரர். அப்பா தொழிற்சாலை ஊழியர். ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்ட வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, எதையும் சட்டென்று சொல்லி முடித்துவிடுவார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஒருநாள் மாணவர்கள் எங்கள் இருவரையும் மைதானத்தில் நிறுத்தி, போனில் பேட்டி எடுத்தார்கள். நடிகர் கண்ணெதிரே நிற்கும்போது ஏன் அவரைப் பார்க்காமல் போன் திரையைப் பார்க்கிறோம் என்பது கேள்வி. இதே பொருளில் நான் பல பக்கங்களுக்குத் தலையங்கம் எழுதியிருக்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலில் ‘ரசிகர்’ என்றால் யார் என்று தொடங்கினேன். அதற்குள் செல்வமணி, “பார்த்தோம்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான், அதான்” என்றார். வீடியோ ஊரெல்லாம் பரவியது. நான் பேசியதை வெட்டிவிட்டார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் செல்வமணிக்குக் குடை பிடித்திருந்தேன். வீடியோவில் என் பங்காகக் குடையும் என் மணிக்கட்டும் மட்டும் இருந்தன.

அடுத்த வாரம் கல்லூரி முதல்வர் என்னை அறைக்கு அழைத்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

“அந்த வாட்ச் உங்களோடதுன்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டேன் சார்.”

சேவை

எங்கள் பக்கத்து வீட்டு மாமா கோயில் கைங்கரியக் குடும்பத்தவர். ஒவ்வொரு இதழையும் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பரணில் வைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு ஞாயிறு, பிழை திருத்தும் வேலையாகச் செல்வமணி எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாமா வாசலில் நின்றார், மாமியோடு.

“அந்த வீடியோவுல பேசற பொண்ணு உங்காத்துக்கு எழுந்தருளியிருந்தாளாமே. அடுத்த தடவை வரச்சே ஒரு குரல் குடுங்கோ, நாங்களும் சேவிச்சுக்கறோம்.”

கட்டுரை

பிறகு மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் எங்கள் இதழுக்கே ஒரு கட்டுரை அனுப்பினார். ஆய்வாளர் ஒருவர் பிரபலமாவது எப்படி என்பது பொருள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் செல்வமணி. தன்னைப் பற்றிய கட்டுரையை இணையாசிரியர் தொடக்கூடாது என்பதால் முடிவு முழுக்க என் கைக்கு வந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவருக்கு அனுப்பினேன். ‘அப்படியே வெளியிடலாம்’ என்று இருவரும் எழுதிவிட்டார்கள். நான் அன்று சாப்பிட்டது ருசிக்கவில்லை.

நிராகரிக்க ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நான் முறை தவறாதவன். முறைப்படியே ஒரு நிபந்தனை போட்டேன்: அதே துறையில், அதே தகுதியோடு இருந்தும் பிரபலமாகாத ஒருவரோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் வெளியிட முடியும். அப்படி ஓர் ஆளைத் தேடி அலைந்து களைத்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். கட்டுரை என்னவாயிற்று என்று செல்வமணி கேட்டபோது, திருத்தம் கேட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வாட்டம் இல்லை.

“நல்லா கேளுங்க சார். சும்மா என்னைப் புகழ்ந்து வச்சிருந்தா போட்டுடாதீங்க. உங்க பேருதான் கெடும்.”

திரு. அ.

பத்தே நாளில் திருத்திய கட்டுரை வந்தது. புதிதாக மூன்று பக்கம். ‘திரு. அ.’ என்று ஒருவர்: அதே துறை, அதே இதழ், ஸ்ரீரங்கவாசி. ஆழ்ந்த படிப்பு. கேள்வி கேட்டவருக்கு விடை வருவதற்கு முன் கேள்வியின் வரலாறு வருகிறது. வரலாறு முடிவதற்குள் கேட்டவர் போய்விடுகிறார். சான்றுக்கு என் தலையங்கங்களிலிருந்து வரிகள்.

கோபமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். பாதியில் வேறொன்று உறைத்தது: இந்த மனிதர் என் தலையங்கங்கள் அத்தனையையும் படித்திருக்கிறார், முதல் இதழிலிருந்து. எனக்குத் தெரிந்து அப்படிச் செய்தவர் வேறு யாருமில்லை. மறுபடி படித்தேன். மேற்கோள்கள் துல்லியமாக இருந்தன. கட்டுரையை ஏற்றுக்கொண்டேன். விரிவுரையாளருக்குப் போன் போட்டு, திரு. அ. என்று பூடகமாக எழுத வேண்டாம், பெயரையே போட்டுவிடலாம், சம்பந்தப்பட்டவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும் என்றேன். அவர் பதறிப்போனார்.

“ஐயோ, வேண்டாங்க சார். பிரபலமானவங்க பேரைத்தான் போடலாம், மத்தவங்க பேரை மறைச்சே ஆகணும்னு உங்க இதழ் விதியிலயே இருக்குங்களே. அது நீங்க எழுதினதுதானாமே.”

எங்கள் இதழ்களிலேயே அதிகம் விற்ற அந்த இதழில் முழுசாக மூன்று பக்கம் நான்தான் இருக்கிறேன் என்பது வெளியே யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே விவரமாக எழுதிவைக்கிறேன்.