பசளை போடாத பாத்தியில பச்சைச் சோளம்

யூரியாப் பையைத் திறந்தா மூக்கில ஏறுற அந்த வாடை... கை கழுவினாலும் லேசில போகாது. குறிஞ்சாக்கேணிப் பக்கம் நான் வெளிக்கள வேலைக்குப் போன காலத்தில என்ர லஞ்ச் பொக்ஸும் அப்பிடித்தான் மணக்கும். அம்மா மூடியைத் திறந்து மணந்துபோட்டு, "நீ சோறு சாப்பிடுறியோ, சோத்துக்குப் பசளை போடுறியோ?" எண்டு கேப்பா.

அப்ப எனக்கு இருபத்திமூண்டு வயசு. விவசாயத் திணைக்களத்தில தற்காலிக வேலை. சீனன்குடாவில பஸ் ஏறிப் போறனான்.

விவசாயி சலாம் காக்காவின்ர காணியில சோதனைக்கு மூண்டு பாத்தி சோளம் போட்டிருந்தம். முதல் பாத்திக்கு எல்லாப் பசளையும் உண்டு. அதுக்குப் பக்கத்துப் பாத்திக்கு யூரியா இல்லை. கடைசிப் பாத்திக்கு ரி.எஸ்.பி எண்ட பொசுபரசுப் பசளை இல்லை. பசளை காணாட்டி பயிர் எப்பிடிக் காட்டும் எண்டு ஊராக்கள் வந்து கண்ணால பாக்கவேணும்... அதுதான் நோக்கம்.

காக்காவுக்கு என்ன கிடைக்கும்? சோதனையை ஒழுங்கா நடத்தினா, அடுத்த போகம் விதைச்சோளம் செய்யிற ஆக்களின்ர பட்டியலில அவற்ற பேர் ஏறும். ரெண்டு வருஷமா மனுசன் அதுக்குத்தான் அலைஞ்சவர்.

ஒரு மாசம் போச்சுது. ரி.எஸ்.பி இல்லாத பாத்தியில இலை விளிம்பெல்லாம் ஊதா நிறம். சரி, பொசுபரசு காணாட்டி அப்பிடித்தான். யூரியா இல்லாத பாத்தியில கீழ் இலையள் மஞ்சளடிக்கத் தொடங்கிட்டுது. அதுவும் சரி. நைதரசன் காணாட்டி சோளம் பழைய இலையில இருக்கிறதை உருவிக் குருத்துக்குக் குடுக்கும்.

ஆனா அந்த மஞ்சள் பாத்தியில ஒரு வரிசை மட்டும் பச்சைப் பசேலெண்டு நிக்குது!

எது? முதல் பாத்திக்குப் பக்கத்து வரிசை. அந்த ரெண்டு பாத்திக்கும் நடுவில இருக்கிற இடைவெளியாலதான் காக்கா ஒவ்வொரு நாளும் வாளியோட கிணத்தடிக்குப் போறவர்.

எனக்குப் பிறவியிலயே சந்தேகப் புத்தி. கடைக்காரன் மிச்சக் காசு தந்தா மூண்டு தரம் எண்ணுற ஆள் நான். விடுவனா?

அவர் வீட்டுக்குள்ள போன நேரம் வாளியை எடுத்து மணந்து பாத்தனான். வாளி மணந்ததோ, என்ர கை மணந்ததோ... ஆர் கண்டது! சாய்ப்பில இருந்த யூரியாப் பை வாய் கட்டாமக் கிடந்தது. அவற்ற மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. வழமையை விடச் சீனி கூட. அதையும் சந்தேகப்பட்டனான், சத்தியமா.

போதாததுக்கு அதுக்கு முதல் கிழமைதான் காக்கா சொன்னவர்: "மிஸ், மஞ்சச் சோளத்தப் பாத்துட்டு எல்லாரும் கேக்கிறாங்க, சலாமுக்குப் பசள வாங்க வழியில்லயா எண்டு. வெக்கமா இரிக்கி."

பிறகென்ன! வெக்கத்தில கள்ளமா ஒரு பிடி போட்டிட்டார் எண்டு முடிவு கட்டிட்டன். அவரை ஒரு வார்த்தை கேக்கேல்லை. நேர ஒபிசுக்குப் போய், 'விவசாயி விதி மீறி யூரியா இட்டுள்ளார்' எண்டு எழுதிக் குடுத்திட்டன்.

அடுத்த கிழமைதான் முகத்துக்கு நேர சொன்னனான். மனுசன் கையில இருந்த வாளியைக் கீழ வைச்சார்.

"வல்லாஹி மிஸ், ஒரு பிடி கூட நான் போடல்ல. ஒங்களுக்கு நம்பிக்கை இல்லாட்டி மண்ணக் கிண்டிப் பாருங்க."

மண்வெட்டியை எடுத்து அவரே என்ர கையில தந்தார்.

கிண்டினன்... அந்தப் பச்சை வரிசையில இருந்து இடைவெளிக்குக் குறுக்கால வேர் ஓடியிருக்கு. முதல் பாத்திக்குள்ள போய், அங்க நாங்கள் போட்ட யூரியா கரைஞ்ச மண் பட்ட இடத்தில கொத்துக் கொத்தாக் கிளைச்சு நிக்குது. பசளை இல்லாத மற்றப் பக்கம் ஒண்டு ரெண்டு வேர்தான். சோளத்துக்குத் தெரிஞ்சிருக்கு, சாப்பாடு எந்தப் பக்கம் எண்டு.

அந்த இடைவெளி எவ்வளவு? ஒரு அடி.

விடவேண்டியது ஆறு அடி. காணி சின்னன், மூண்டு பாத்தியும் கொள்ளாது எண்டுபோட்டு நான்தான் ஒரு அடியோட நிப்பாட்டினனான். சோதனைப் போமில 'ஆறு அடி' எண்டு எழுதினதும் நான்தான். ஐயோ... கள்ளம் செய்தவள் நான், வாளியை மணந்து திரிஞ்சதும் நான்!

அடுத்த நாள் விடியவே ஒபிசுக்கு ஓடினன். அழுதுகொண்டு எல்லாத்தையும் சொன்னனான். பட்டியல் முதல்நாளே போயிட்டுதாம். அவற்ற பேரை வெட்டிப்போட்டுத்தான் அனுப்பியிருக்கினம். எனக்கு ஏச்சோட முடிஞ்சுது. அவருக்கு ஒரு போகம் போச்சுது.

போய் மன்னிப்புக் கேட்டனான். "பரவால்ல மிஸ், சின்னப் புள்ளதானே நீங்க" எண்டார். அவ்வளவுதான்.

இப்ப நான் ரவுணில, மேசை வேலை. இப்ப வெளிக்களத்துக்குப் போற பிள்ளையள் இலையைப் போனில படம் பிடிக்க, நைதரசன் குறைவு எண்டு அது சொல்லுதாம். ஒரு தரமும் கிண்டிப் பாக்கிறேல்லை. எனக்கு அந்தப் போனிலயும் சந்தேகம்தான், அதை விடுங்கோ.

சலாம் காக்கா பிறகு பட்டியலில வந்திட்டார். நல்லா இருக்கிறார். ஆனா இண்டைக்கும் பசளை போட முதல் எனக்கு ஒரு கோல் எடுப்பார். அவற்ற சொந்தக் காணி, சொந்தப் பசளை...

"மிஸ், நாளைக்கு யூரியா போடப்போறன். வந்து பாக்கிறீங்களா?"

சிரிச்சுக்கொண்டுதான் கேப்பார். அது பகிடியோ, ஆறாத நோவோ... இவ்வளவு வருஷமாகியும் எனக்குப் பிடிபடேல்லை.

போன கிழமையும் எடுத்தவர். "வரத் தேவையில்லைக் காக்கா, நான் உங்களை நம்புறன்" எண்டு சொன்னனான்.

"சரி மிஸ்... எண்டாலும் ஒருக்கா வந்து பாருங்க" எண்டார்.