ரூபியின் பதினான்கு அங்குலம்

ஓகாலா வட்டாரத்தில் செங்கால் ஆமை வளர்ப்பவர்களுக்கு வெர்னா ஹக்கபி சொன்னால் சொன்னதுதான். முப்பத்தோரு வருடம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆமையை வாங்கிப் புரட்டி முதலில் அடி ஓட்டைப் பார்ப்பாள். வெளிறிய மஞ்சளில் நடுவே மட்டும் கறுப்புத் திட்டு இருந்தால் வடக்கத்தி, கயானா பக்கத்து வம்சம். அடி முழுக்கக் கறுப்பும் வெளுப்பும் குழம்பி, தலையும் செக்கச் செவேலென்று இருந்தால் கிழக்கு பிரேசிலின் செர்ரித்தலை. இரண்டும் கலந்து பிறந்தவைதான் ஆளை ஏமாற்றும். ஆமை சங்கத்தின் வம்சப் பதிவேடு பதினோரு வருடமாக அவள் கையில் இருந்தது.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு ராய்ஸ் டிண்டல் ஒரு பெட்டியில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். வெர்னாவுக்கு இருபது வருடச் சிநேகிதன்.

"ஆறையும் செர்ரித்தலைன்னு எழுதிக்க வெர்னா. அப்பன் வேற யாருமில்ல, நீ குடுத்த ரஸ்டிதான்."

வெர்னா ஒன்றைப் புரட்டினாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.

"என்ன, எழுதலையா?" என்றான் ராய்ஸ்.

"இத எழுத முடியாது ராய்ஸ். நாலு குஞ்சுக்கு அடி வெளுப்பு, நடுவுல திட்டு. தலையும் மஞ்சளடிக்குது. கலப்பு."

சங்கம் கூடும் தேவாலயக் கூடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ நீ குடுத்த ரஸ்டி கலப்புங்கிறியா?"

வெர்னாவுக்கு முகம் சுட்டது. "உன் பெண் ஆமை எங்க வாங்கினது?"

"போன வருஷம், டேட் சிட்டில ஒருத்தர்கிட்ட."

"அவர்கிட்ட வடக்கத்தி ஆண் இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு. அதுக்கென்ன?"

"ஒரு தடவ சேர்ந்தாப் போதும், பெண் ஆமை அந்த விந்த வருஷக்கணக்கா உள்ளயே வச்சிருக்கும். இப்போ ரஸ்டிகூட இருந்தாலும் முட்டைக்கு அப்பன் அவனா இருக்கணும்னு இல்ல."

பின்வரிசையில் யாரோ, "வீட்டுக்கு வந்தவ கதையே உனக்குத் தெரியலையே ராய்ஸ்!" என்றதும் கூடமே சிரித்தது. ராய்ஸ் பெட்டியை மூடிக்கொண்டு, ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் வெளியேறினான்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அப்படியும் நடக்கும். ஆனால் ரஸ்டியைப் பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது; வீடு வந்ததும் நேரே கொல்லைக்குப் போனாள்.

அங்கே செம்பருத்திக்கடியில் அவளுடைய பெண் ஆமை ரூபி பூ தின்றுகொண்டிருந்தாள். ரஸ்டியோடு ஒரே குழியில் பிறந்தவள். வெர்னா அளவுகோலை எடுத்து வந்தாள். பதினான்கு அங்குலம். செர்ரித்தலை பன்னிரண்டைத் தாண்டுவதே அபூர்வம்; வடக்கத்திதான் இவ்வளவு வளரும். பார்க்க வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் "நல்ல தீனி" என்று சொல்லிச் சிரித்தவள் அவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

யெசேனியா கொர்தேரோவுக்குப் போன் போட்டாள். ரூபியின் குஞ்சுகள் நான்கை வளர்க்கும் சங்க உறுப்பினர் அவள்.

"யெசேனியா, அந்த நாலையும் புரட்டி ஒரு போட்டோ அனுப்புறியா? இப்பவே."

"ஏன், ஏதாவது நோயா அக்கா?"

"அனுப்பு, சொல்றேன்."

நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படம் வந்தது, வெளுப்பு. இரண்டாவதும். மூன்றாவது மட்டும் சரியாக இருந்தது. நான்காவது, நடுவே திட்டோடு வெளுப்பு.

"வளர வளரக் கறுக்கும்னு நெனச்சேன் அக்கா," என்று யெசேனியா எழுதியிருந்தாள்.

ரூபி அந்தக் கொல்லையிலேயே பிறந்தவள். அவள் சேர்ந்த ஒரே ஆண், பிரேசிலிலிருந்து பத்திரத்தோடு வந்த அசல். அப்படியானால் கலப்பு ரூபியின் ரத்தத்திலேயே இருந்தது. ரஸ்டிக்கும் அதே ரத்தம். அவற்றின் தாய் தந்தையை வெர்னா தாம்பா ஆமைக் கண்காட்சியில் ஒருவரிடம் வாங்கியிருந்தாள். "சுத்தம்" என்றார் அவர். அவளும் அப்படியே எழுதிவிட்டாள்.

மே மாதக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. இதை நூல் பிடித்துப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றாது; அவள் சொல்லாவிட்டால் வெளியே வரவே வராது. எதிரே வண்டியில் வந்த ராய்ஸ் இரண்டு முறை கையசைக்காமல் கடந்துபோனான். அவள் பதிவேட்டைத் திறந்து, இந்த வம்சத்தில் தான் கொடுத்த ஆமைகளை எண்ணினாள்.

கூட்டத்தன்று ராய்ஸ் கதவோரம் நின்றான். வெர்னா பதிவேட்டோடு எழுந்தாள்.

"போன மாசம் ராய்ஸோட ஆமை மேல பழி போட்டேன். தப்பு என் பக்கம். ரஸ்டி கலப்பு, ரூபியும் கலப்பு. இந்த வம்சத்துல முப்பத்தெட்டு ஆமைய சுத்தம்னு சொல்லி உங்களுக்கெல்லாம் குடுத்திருக்கேன்."

ராய்ஸ்தான் முதலில் பேசினான்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கப் பயமா இருந்துச்சு."

"மூணு வாரம் வெர்னா," என்றான் அவன். "கடலை வாங்கப் போனா அங்கேயும் இதே கேலி."

அந்த முப்பத்தெட்டையும் வாங்கிய எல்லாருக்கும் அவளே போன் செய்தாள். சிலர் கத்தினார்கள், ஒருவர் நாலு ஆமைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பதிவேடு யெசேனியாவிடம் போனது. ஒப்படைக்கும் முன் வெர்னா, தன் ஆமைகளின் பெயர்களுக்கு நேரே, "விற்றவர் சொன்னது, நான் சரிபார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ராய்ஸ் ரஸ்டியைத் திருப்பித் தரவில்லை. ஜூன் வரை வெர்னாவோடு பேசவுமில்லை. பிறகு ஒரு நாள் காலை அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "ரஸ்டிக்குக் குடுக்கச் செம்பருத்தி இருக்கா? என்கிட்ட தீர்ந்துபோச்சு," என்று கேட்டான்.