குளத்தங்கரை மானின் ஈரல்

வில்பத்துக் காட்டுப் பக்கம் எல்லாரும் சிறுத்தை பார்க்கப் போவார்கள். நான் போன ஓகஸ்டில் செத்த மான் பார்க்கப் போனேன். மிருக வைத்தியராக இருக்கும் என் தோழி சுகந்திதான் காரணம். எலுவன்குளத்துக் காட்டோரம் காயமே இல்லாமல் ஒரு மான் செத்துக் கிடப்பதாக வனஜீவராசித் திணைக்களக்காரர்கள் அவளை அழைத்திருந்தார்கள். "சும்மாதானே இருக்கிறாய், வா" என்றாள்.

காலை 6.40க்குப் புத்தளத்தில் ஓட்டோ பிடித்தோம். போக வர 6,500 ரூபாய், அதுவும் பேரம் பேசிய பிறகு. வண்ணாத்திவில்லு தாண்டினால் கடைகளை நம்பாதீர்கள். பாணும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

8.15க்குக் குளத்தடியில் இறங்கினோம். வற்றிய சேற்றில் ஆடுகளும் மான்களும் ஒன்றாக வாய் வைத்திருந்தன. எங்களைக் கண்டும் மான்கள் ஓடவில்லை. அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

ஆட்டுக்காரர் நியாஸ் நானா வழிகாட்டினார். அவர் மனம் அங்கே இல்லை. மனைவிக்கு ஈரலில் கட்டி. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். மகள்தான் கூட நிற்கிறாள்.

சுகந்தி கையுறை மாட்டி மானின் வயிற்றைக் கீறினாள். பற்றைக்குள்ளிருந்து ஐந்து நாய்கள் வந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வரிசையாகக் குந்திக் காத்திருந்தன. 

ஈரலில் நுங்கு மாதிரித் தண்ணீர்ப் பைகள்.

"இது என்ட ஆட்டிலயும் இருந்துச்சு டொக்டர்," என்றார் நானா. "வருசா வருசம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிறம். மனிசர் தின்னேலாதெண்டு அந்த ஈரல இந்த நாய்களுக்குத்தான் போடுற. பாவம், பசியில கிடக்கிறதுகள்."

சுகந்தி நிமிர்ந்தாள். "சோதிச்சாத்தான் உறுதி நானா. ஆனா இது நாய்ப் புழு மாதிரி இருக்கு. இப்பிடி ஈரலைத் தின்ற நாய்க்குள்ள புழு வளரும், அது புல்லில கழிக்கும். அதில இருக்கிற புழு முட்டை ஆட்டுக்கும் மானுக்கும் போகும். மனிசருக்கும் போகும்."

"என்ட பொஞ்சாதி இந்தக் கரையிலதான் வல்லாரை புடுங்குற. பச்சையாச் சம்பல் போடுவா." நானா கரையைக் காட்டினார். "நாய் வளக்கிறீங்களா எண்டு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. நாங்க வீட்டுக்குள்ள நாய் எடுக்கிறல்லயே. இல்லெண்டு சொல்லிட்டன்."

"நானா, அவவின்ட கட்டியும் இந்தப் பையா இருந்து ஊசி பட்டு உடைஞ்சா உயிருக்கே ஆபத்து. இப்பவே எடுங்கோ போனை!"

மணி 9.35. சிக்னல் இல்லை. நானா மேட்டுக்கு ஓடினார், நாங்களும் ஓடினோம். நாய்கள் மானிடம் நெருங்கின. சுகந்தி கல்லெடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

"மகள், உம்மாக்கு ஊசி குத்த விடாதீங்க! அங்க நிக்கிற டொக்டர்ட்டப் போனைக் குடுங்க!"

நாய்களுக்கு ஈரல் போட்டதை நானா சொன்னதும் ஊசி நின்றது. அவர் மனைவிக்கு வேறு சோதனை, பிறகு மருந்து; இப்போது பரவாயில்லையாம். மானை அன்றே ஆழமாகப் புதைத்தோம்.

போகிறவர்களுக்கு: ஓகஸ்ட் வெயில் பொல்லாதது, தொப்பி எடுங்கள். பச்சைக் கீரையை நன்றாகக் கழுவுங்கள். வைத்தியர் நாய் இருக்கிறதா என்று கேட்டால், தெருநாய்க்கு ஒருநாள் இறைச்சி போட்டிருந்தாலும் 'ஓம்' என்று சொல்லுங்கள்.