ஒரு கைக்குப் போட்ட சார்ட்

அண்ணன் திருவொற்றியூரில் ஒரு பேண்ட் செட்டில் டிரம் அடித்தவன். கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் எங்கள் குப்பத்தில் அவன் அடித்தால்தான் கூட்டம் ஆடும். வாசிப்பு இல்லாத நாட்களில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போவான். அங்கே ஒரு குடோனில் கிரேனிலிருந்து நழுவிய தகடு அவன் வலது கைமேல் விழுந்தது. மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்தே படுத்திருப்பான். ஒருநாள் என் போனை வாங்கி, அதிலிருந்த தாள விளையாட்டைத் திறந்தான். பாட்டு ஓடும். மேலிருந்து கட்டங்கள் விழும். தாளத்துக்குச் சரியாகத் தட்ட வேண்டும். எல்லாமே இரண்டு கைக்குச் செய்தவை. "நமக்கு ஆவாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எந்தக் கட்டம் எப்போது விழ வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து அமைப்பதைத்தான் சார்ட் என்கிறார்கள். கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நோட். நாமே நமக்குப் பிடித்த பாட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். அம்மன் கோயில் திருவிழாவில் அண்ணன் அடித்ததை நான் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு கையால் ஆடுகிற மாதிரி ஒரு சார்ட் போட நினைத்தேன். பழைய லேப்டாப்பில் முயன்றேன். கட்டம் ஒன்றும் அவன் அடியோடு பொருந்தவில்லை.

சார்ட் போடுகிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில், "எனக்கு ஒன்றும் தெரியாது, யாராவது சொல்லித் தருவீர்களா?" என்று எழுதினேன். முதலில் கற்றுக்கொண்டு வா என்றார் ஒருவர். மலேசியாவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் மட்டும் தமிழில் பதில் போட்டாள். "ஃபைலை அனுப்புங்கக்கா, பார்க்கிறேன்."

என்னைவிடச் சின்னவள், ஆனால் கறார்.

"கூட்டம் அடிக்கிற விசிலுக்கெல்லாம் நோட் வச்சிருக்கீங்க. கேம் ஆடுறவங்க யார் பின்னாடி போகணும்?"

"அண்ணன் பின்னாடி."

"அப்ப மத்ததை எடுத்துடுங்க."

ஸ்டுடியோப் பாட்டு ஒரே வேகத்தில் போகும், மனிதன் அடிப்பது அப்படிப் போகாது, துண்டு துண்டாக வேகத்தை அளந்து வையுங்கள் என்றாள். அளந்து பார்த்தபோதுதான், ஜனங்கள் ஆட ஆட அண்ணன் வேகம் கூட்டிக்கொண்டே போயிருப்பது தெரிந்தது. கேட்டுக்கொண்டே அழுதேன். அவன் இரண்டு கையாலும் இடைவிடாமல் வேகமாக உருட்டி அடிக்கிற இடங்களில் பாதி நோட்டுகளை எடுத்துவிடச் சொன்னாள், ஒரு கை தாங்காது என்று. எடுத்தேன். என் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடம் கொடுத்தேன்.

"இன்னா இது?"

"நீ அடிச்சதுதாண்ணா. ஒரு கையிலயே ஆடலாம்."

எழுந்து உட்கார்ந்தான். போனைத் தொடைமேல் வைத்து இடது கையால் தட்ட ஆரம்பித்தான். விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

உருட்டு வந்தது. அவன் விரல்கள் கட்டம் விழாத இடத்திலும் தட்டின. திரையில் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினான். பிறகு நிறுத்திவிட்டான். பாட்டு மட்டும் ஓடியது.

"இங்க அடி கீது. நான் அடிச்சிருக்கேன். ஏன் எடுத்துட்ட?"

"ஒரு கையில முடியாதுன்னு..."

கோபப்படவில்லை. "ஆமா, முடியாதுல்ல" என்று மெதுவாகச் சொன்னான். போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான். அம்மா போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

"அண்ணன் என்ன சொன்னார்?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். நடந்ததை எழுதினேன். அதுவரை எழுத்தில் மட்டும் பேசியவள் உடனே கூப்பிட்டாள். "நான்தானேக்கா எடுக்கச் சொன்னேன்" என்று அவள் குரல் உடைந்தது. "நீ சொன்னது சரிதாம்மா" என்றேன்.

அண்ணன் இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். டிரம்மைப் பேண்ட்காரர்களுக்கே கொடுத்துவிட்டான். தெருவில் மேளம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.